கூடிப்போன சம்பளம்

சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்த மில் மேனேஜரிடமே போய், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான் பொன்னுரங்கம். வரம்பைத் தாண்டிய சம்பளத்தால் இ.எஸ்.ஐ. வைத்தியம் நின்றுபோயிருந்தது. ஏழைகளுக்கான அரசாங்கக் காப்பீட்டுக்கோ, அவன் பழைய சம்பளத்திலேயே பணக்காரன். இரண்டுக்கும் நடுவில், டயாலிசிஸ் கிடைக்காமல் அவன் மனைவி முகம் வீங்கிக் கிடந்தாள்.

“சம்பளத்தக் கொறைக்கணும்னா நீ தப்பு பண்ணியிருக்கணும்ப்பா. உம்மேல ஒரு மெமோகூட இல்லியே!”

பொன்னுரங்கத்துக்குத் தன் ஒழுக்கத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது.

“எந்தத் தப்புக்கு சார் கொறைப்பாங்க?”

“மேலதிகாரிய அடிச்சா.”

“வேலையே போயிடுமே சார்!”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பார்ப்பதற்கு நாலு பேர் வேண்டுமே என்று அறைக்கதவையும் திறந்துவிட்டார்.

“போகாத அளவுக்கு அடி.”

கும்பிட்டிருந்த கைகளைப் பிரிக்கப் பொன்னுரங்கத்தால் முடியவில்லை.