முப்பது பேரின் தூக்கம்

பேராசிரியர் இருபத்தேழாவது நோட்டையும் மூடி மேசையில் போட்டார்.

"டேய் ஜெர்வின், எந்திரி. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?"

"இருபத்து நாலு சார்."

"உங்க பெரியப்பா மட்டும் எப்படிடா இருபத்தாறு மணி நேரம் தூங்குனாரு?"

வகுப்பு சிரித்தது. ஜெர்வினும் சிரித்தான்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்புக்கு அவர் கொடுத்தது சின்ன வேலை. முப்பது பேரிடம் போய், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்க வேண்டும். எழுதிக்கொள்ள வேண்டும். சராசரி காண வேண்டும். அந்த எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் திட்ட விலக்கம். பி.காம். முதலாண்டுப் புள்ளியியலில் இதைவிட எளிதாக ஒன்று கிடையாது.

ஒருவரும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

ஏழு, எட்டு, ஆறு. ஏழு, எட்டு, ஆறு. கேன்டீனில் உட்கார்ந்து எழுதிய எண்கள். ஒரு நோட்டில் டீக் கறை வேறு.

பதினோரு வருடமாக இதே பாடம். இதே ஏழு, எட்டு, ஆறு.

இருபத்தெட்டாவது நோட்டைத் திறந்தார்.

நாலு.

நாலு, நாலு, நாலு.

முப்பது வரியிலும் நாலு. கீழே சுத்தமான கையெழுத்தில்: சராசரி நாலு. திட்ட விலக்கம் பூஜ்யம்.

"யாரும்மா சகாய ரீனா?"

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். வகுப்பில் அவள் குரலை அவர் கேட்டதே இல்லை.

"என்னம்மா இது? முப்பது பேரும் சொல்லி வச்ச மாதிரி நாலு மணி நேரமா?"

"கேட்டுத்தான் சார் எழுதுனேன்."

கோபம் தலைக்கேறியது. சாக்பீஸை எடுத்தார்.

"ஊர்ல பத்துப் பேர்ல ஒருத்தர் நாலு மணி நேரம் தூங்குறாருன்னே வச்சுக்குவோம். முப்பது பேரும் அப்படி அமையணும்னா? பத்துல ஒண்ண முப்பது தடவை பெருக்கணும்."

புள்ளி வைத்தார். பூஜ்யம் போட ஆரம்பித்தார். போர்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இருபத்தொன்பது பூஜ்யம். கடைசியில் ஒரு ஒன்று.

"இதும்மா நீ எழுதுனதுக்கு வாய்ப்பு. பொய் எழுதுறதுக்கும் கொஞ்சம் மெனக்கெடணும். இவனுங்களாவது ஏழு, எட்டுன்னு மாத்தி மாத்தி எழுதியிருக்கானுங்க."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு ஒழுங்கா எழுதிட்டு வா."

மறுநாள் மதியம், வகுப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

ஏழு. எட்டு. ஆறரை. ஒன்பது. ஐந்தரை.

எண்கள் நன்றாகச் சிதறியிருந்தன. நடுவில் கூட்டம். ஓரங்களில் ஒன்றிரண்டு. திட்ட விலக்கம் ஒன்று புள்ளி இரண்டு. கூட்டலில் பிழை இல்லை, வர்க்கமூலத்திலும் பிழை இல்லை.

"பாத்தியா? இதைத்தான் நான் கேட்டேன்."

பத்துக்குப் பத்து போட்டார். பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"இப்ப யார்கிட்டம்மா கேட்ட?"

"அதே ஆளுங்கதான் சார். எங்க தெரு."

"நேத்து நாலு சொன்னவங்க இன்னைக்கு எப்படி எட்டு?"

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க தெரு முழுக்க தோட்டத்துல பூ எடுக்கப் போறவங்க சார். நிலக்கோட்டைப் பக்கம். தெருக்குழாயில ஒம்பதரைக்குத்தான் தண்ணி விடுவாங்க. புடிச்சு வச்சிட்டுப் படுக்க பத்தாயிரும். ரெண்டு மணிக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும். எல்லாருக்கும் ஒரே வேன் சார்."

அவர் போர்டைப் பார்த்தார். யாரோ துடைத்திருந்தார்கள். நேற்று முப்பது பேரையும் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத தனித்தனி ஆட்கள் என்று வைத்துப் பெருக்கியிருந்தார்.

"அப்ப இது?"

"நாலு இருக்காதுன்னு சொல்லிட்டீங்க. அதான் யார் யாருக்கு எவ்வளவு தூக்கம் குடுத்தா நல்லாருக்கும்னு யோசிச்சு எழுதுனேன். அம்மாவுக்கு எட்டு. மெர்சியக்கா மாசமா இருக்கு, அதுக்கு ஒம்பது."

ஐந்தரை என்று எழுதியிருந்த வரியைத் தொட்டாள்.

"லூர்து மாமாவுக்கு எவ்வளவு குடுத்தாலும் இருமிக்கிட்டேதான் கிடப்பாரு. அவருக்கு அஞ்சரை போதும்."

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். இந்த எட்டு யாருக்கு, இந்த ஏழரை யாருக்கு என்று கேட்கவில்லை.

கடைசி வரியில் விரல் நின்றது.

நாலு.

"இந்த ஆளுக்கு மட்டும் ஏன் கூட்டிக் குடுக்கல?"

"அது நான் சார்."

வராந்தாவில் யாரோ டிபன் பாக்ஸைக் கீழே போட்டார்கள். மூடி வெகுதூரம் உருண்டு போய் விழுந்தது.

"ஒரு நம்பராச்சும் நெசமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அதை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை.

அவரும் உட்காரவில்லை.