அலை ஏறாத மேடு

படகு உடைந்து மூவரும் மணல் திட்டில் ஒதுங்கிய நான்காம் நாள், உச்சிவெயிலில், கஸ்பாரின் தம்பி ததேயு தாகத்தில் செத்துப்போனான். கஸ்பார் அழவில்லை. அழுதால் கண்ணீர் வரும். நாலு நாளாய்த் தண்ணீர் காணாதவனுக்குக் கண்ணீர் ஏது என்று மச்சான் ரெமிஜியூஸ் கேட்பான். முதல் நாள் கரையொதுங்கிய தண்ணீர் பாட்டிலைக் கஸ்பார் யாருக்கும் தெரியாமல் மேட்டில் புதைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தான். தம்பிக்கென்றுதான் வைத்தான். ஆனால் மச்சான் நண்டு தேடிப் போனபோதெல்லாம் முதலில் தன் நாக்கை நனைத்துக்கொண்டான். பிறகு, இருவருக்குப் போதாது என்று பட்டது. இன்னும் பாதி இருந்தது.

"அழுதுரு மாப்ள. கூடப் பொறந்தவன்லா," என்றான் ரெமிஜியூஸ்.

"வரல மச்சான்."

"எனக்கும் வரல." வெடிப்பில்லாத கஸ்பாரின் உதட்டையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, எந்திரி. புதைக்கணும். அலை ஏறாத இடம் இந்த மேடு ஒண்ணுதான்."

"கொஞ்சம் போகட்டும்."

"மொத நாள்லருந்து அங்கனயே அடகாக்குறியே, முட்டையா இட்டிருக்க?"

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. முதல் அலை ததேயுவின் குதிகாலைத் தொட்டுத் திரும்பியது. அடுத்தது இடுப்புவரை வந்து அவனை லேசாகத் தூக்கிப் பார்த்தது. ரெமிஜியூஸ் பிணத்தின் பக்கம் போகாமல் கஸ்பாரையே பார்த்தபடி நின்றான். கஸ்பார் இரண்டு கைகளையும் மணலில் இன்னும் ஆழமாக ஊன்றிக்கொண்டான்.