சாம்பியனுக்குக் குதிரை மறந்தது

"குதிரை எத்தனை கட்டம் தாண்டும்?" என்று கேட்டார் அவர்.

செஸ் பலகைக்கு எதிரே இருந்த மனைவியின் பார்வை சுவரில் இருந்தது. அலமாரியில் வரிசையாக நின்ற கோப்பைகளில் எல்லாம் அவர் பெயர்தான். ஒரு காலத்தில் பலகையைப் பார்க்காமலே ஆடி ஜெயித்த மனுஷன், இப்போது மூன்று நாள் தாடியும் கசங்கிய சட்டையுமாகக் குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென விழித்தார்.

ஆபீசுக்கு நீண்ட லீவு. "தினம் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. மனசு எதுக்காவது அசையுதான்னு கவனிங்க. அசையலைன்னா திங்கக்கிழமை அட்மிட் பண்ணிடலாம்" என்று மனநல டாக்டர் சொல்லியிருந்தார். இன்று ஞாயிறு.

சோபாவில் மனைவியின் அண்ணன். மேடையேறித் தன்னம்பிக்கை ஊட்டுவது அவர் தொழில். வெளியாட்களுக்குக் கட்டணம் உண்டு. சொந்தக்காரர்களுக்கு இலவசம், தப்பிக்கத்தான் வழி கிடையாது.

"மாப்ளே, மனச்சோர்வும் செஸ்ஸும் ஒண்ணுதான். சோர்வுதான் எதிராளி. அது மூணு மூவ் யோசிச்சா, நாம முப்பது மூவ் யோசிக்கணும்."

"நீங்க செஸ் ஆடுவீங்களா மச்சான்?"

"ஆடினதில்லை. அதைப் பத்தி நிறையப் பேசியிருக்கேன்."

மனைவி ஒரு சிப்பாயை நகர்த்தினாள். பழகாத கை பின்னியதுபோல அவள் பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக் கிடந்தது. "உங்க ஆட்டம்" என்றாள், சுவரைப் பார்த்து.

அவர் யானையை எடுத்துக் குறுக்கே வைத்தார்.

"யானை நேராத்தான் போகும்."

"அப்படியா? குறுக்கே போகும்னு ஞாபகம்."

"சரி, போகட்டும்."

"இதைத்தான் நான் என் நிகழ்ச்சியில..." என்று அண்ணன் தொண்டையைச் செருமினார். நல்ல காலம், போன் வந்தது. அவர் பால்கனிக்குப் போனதும் வீட்டுக்குள் கொஞ்சம் காற்று வந்தது.

அடுத்த முறை கணவர் ராணியைத் தூக்கினார். வைத்தார். எடுத்தார். வேறிடத்தில் வைத்தார். மறுபடி எடுத்து மோவாயைச் சொறிந்தார்.

அவள் விரல்கள் மேஜையைத் தட்ட ஆரம்பித்தன. "ஒருதரம் வச்சா வச்சதுதான்."

"இரும்மா, யோசிக்கிறேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எவ்வளவு நேரம்தான் உக்காந்திருக்கிறது?"

"அவசரப்பட்டா ஆட்டம் கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு, நிதானமாக, தன் ராணியாலேயே தன் சிப்பாயை வெட்டி வெளியே வைத்தார்.

நாற்காலி பின்னால் சாய, அவள் எழுந்துவிட்டாள்.

"சொந்தக் காயை யாராவது வெட்டுவாங்களா? முட்டாளா நீங்க? இத்தனை கப்பையும் எங்க திருடிட்டு வந்தீங்க? நகருங்க, ரெண்டு பக்கமும் நானே ஆடிக்கிறேன்."

பால்கனியில் அண்ணனின் உபதேசமே பாதியில் நின்றது.

கணவர் தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணைத் துடைத்தார். நம்பரை அழுத்தினார்.

"டாக்டர், நாளைக்கு அட்மிஷன் வேண்டாம். இத்தனை நாள் கழிச்சு என் பொண்டாட்டி என்னைத் திட்டிட்டா."