தழும்பு விழாத மட்டை

“உண்மையைச் சொல்லுங்க சார். இந்த மட்டையைப் பார்த்தா, யாராவது ஒரு பந்தையாவது அடிச்ச மாதிரி தெரியுதா?”

கோல்ஃப் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். அந்தம்மாள் மேஜைமேல் வரிசையாக அடுக்கியிருந்த அயர்ன் என்கிற இரும்புத்தலை மட்டைகள் பளபளவென்று மின்னின. பந்து படும் முகத்தில் கீறல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மட்டையின் முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவர் அவர். கோபக்காரனா, கஞ்சனா, மாமனாருக்குப் பயந்தவனா, எல்லாம் தேய்மானத்தில் தெரியுமாம். வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிட்ட அந்த வித்தை, இன்றைக்கு வினையாக வந்து எதிரில் நின்றது.

“யாரோடது மேடம்?”

“வீட்டுக்காரரோடது. மூணு வருஷமா சனிக்கிழமை ஆனா விளையாடப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பறார். நேத்து மாமியார் மட்டையை எடுத்துப் பார்த்துட்டாங்க. ‘என்னடி இது, இத்தனை வருஷமா அடிக்கிறான், இன்னும் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கே’ன்னு கேட்டாங்க. விடிஞ்சதும் மட்டையைத் தூக்கிட்டு இங்க ஓடி வந்துட்டேன்.”

முகம் தெரியாத அந்த மனிதர்மேல் கடைக்காரருக்கு இரக்கம் வந்துவிட்டது. எவன் செய்த கோளாறோ என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஆபத்தில் இருக்கும் ஓர் ஆண்பிள்ளைக்கு இன்னோர் ஆண்பிள்ளை கைகொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

“இது கேவிட்டி பேக் மேடம். பின்பக்கம் குழிவா இருக்கு பாருங்க, எடையெல்லாம் ஓரத்துல. கொஞ்சம் தப்பா அடிச்சாக்கூடப் பந்து சமத்தாப் போயிடும். இரும்பும் ரொம்பக் கெட்டி. அதான் தழும்பே விழல” என்று ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டார்.

“மூணு வருஷத்துல ஒண்ணுகூடவா?”

“சில பேருக்குக் கை அப்படி. பூ மாதிரி அடிப்பாங்க.”

“பூ மாதிரியா? அவர் கதவைச் சாத்தினா தெருக்கோடிக்குக் கேக்கும். இந்தக் கதையெல்லாம் எங்க வீட்டுல எடுபடாது சார்.” அவள் சுவரில் மாட்டியிருந்த மட்டைகளைக் காட்டினாள். “அது என்ன, ஒல்லியா இருக்கு?”

“அது பிளேடு. முதுகுல குழி கிடையாது, கைதேர்ந்தவங்க வெச்சுக்கறது. நட்ட நடுவுல அடிச்சாத்தான் பந்து போகும். இம்மி பிசகினாலும் கை விண்ணுனு தெறிக்கும். மன்னிப்பே கிடையாது.”

“தழும்பு விழுமா?”

“மெது இரும்பாச்சே, பத்துப் பந்து அடிச்சாலே...” கடைக்காரர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தம்மாளின் முகம் மலர்ந்தது. “அப்ப பிளேடே குடுங்க.”

கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை இந்தப் பிளேடு ஒரு கீறலும் இல்லாமல் வீடு திரும்பும். அந்த மனிதர் கையும் களவுமாக மாட்டுவார். ஒரு குடும்பம் உடையும், உடைத்த இரும்பை விற்ற பாவம் தன் தலையில் வந்து விடியும்.

“வேணாம் மேடம். கேவிட்டி பேக்குலயே புது மாடல் வந்திருக்கு. பாதி விலைக்குத் தர்றேன்.”

“சும்மா குடுத்தாலும் வேணாம். தழும்புதான் விழாதே.”

அவள் கைப்பைக்குள் கார்டைத் தேடினாள். உள்ளேயிருந்து, வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி ஒன்று வெளியே வந்தது.

“எம்பிராய்டரியா?” என்று கடைக்காரர் பேச்சை மாற்றப் பார்த்தார்.

“ஆமா, சனிக்கிழமை சனிக்கிழமை கிளாஸ். அதுவும் மூணு வருஷமாப் போறேன்.”

துணியில் ஒரு ரோஜாப்பூ பாதி இதழோடு நின்றிருந்தது. “அருமையா வந்திருக்கு” என்று வாய் கூசாமல் சொன்னார். அவர் கவலையெல்லாம் பிளேடின்மேல்தான் இருந்தது.

கார்டு கைக்கு வந்துவிட்டது. இனிமேலும் சும்மா இருந்தால் மனசாட்சி தூங்கவிடாது. கடைக்காரர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“உங்களை என் கூடப் பிறந்த தங்கச்சியா நினைச்சுச் சொல்றேன்மா. இதை வெச்சு அவருக்குப் பொறி வைக்காதீங்க.”

“பொறியா? இது எங்க மாமியாருக்குக் காட்டறதுக்கு சார்.”

“ஐயையோ, பஞ்சாயத்து வேறயா! வேணாம்மா. அவரைத் தனியா உக்கார வெச்சுப் பேசுங்க.”

“தனியாவா? எட்டுப் பேர் இருக்கற வீடு சார். அவர்கிட்ட உப்பு வேணும்னு சொன்னாக்கூட ஏழு பேர் பதில் சொல்லுவாங்க.” அவள் குரல் ஒரு கணம் இறங்கிப்போனது. கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்ப போன்லயாவது கேளும்மா. சனிக்கிழமையானா அந்த மனுஷன் எங்கதான் போறார், யார் கூடப் போறார்னு ஒரு வார்த்தை கேட்டுடு.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

“நல்லாக் கேட்டீங்க போங்க! அவர் கூடச் சினிமாவுக்குப் போறதே நான்தானே சார்!”