ஐம்பதில் ஒன்று

பிரிண்ட் திரையின் அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் இருந்தது.

ஃபிட் டு பேப்பர்.

ஜெபக்கனி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

பெரிய தாள் அடிக்கும் பிளாட்டர் போன ஆடியில் கெட்டுப்போனது. அன்றிலிருந்து ஆபீஸில் எல்லாக் கட்டட வரைபடமும் சின்ன ஏ3 தாளில்தான் போகிறது. பெரிய ஏ1 தாளுக்கென்று, ஐம்பதில் ஒன்றாக அவள் அமைத்த படம் இது. அந்த டிக் அதைப் பாதியாகச் சுருக்கிச் சின்னத் தாளுக்குள் அடக்கியிருந்தது. இப்போது அது நூற்றில் ஒன்று.

தாளின் மூலையில் மட்டும் விகிதம் 1:50 என்றே இருந்தது.

அளவுகளை எண்ணில் எழுதியிருந்தால் ஒன்றும் கெடாது.

எழுதியிருந்தாள். ஓரிடத்தைத் தவிர.

பால்கனி வெளியே நாலடி. அதைத் தாங்கும் மேல் கம்பி வீட்டுத் தளத்துக்குள் ஆறடி ஓட வேண்டும். அந்த ஆறடியைக் கோடாகப் போட்டாள். எண்ணை எழுத விட்டுவிட்டாள்.

அந்த 1:50-ஐ நம்பித் தாளில் ஸ்கேல் வைத்து அளந்தால் மூன்றடிதான் வரும்.

இன்று காலை அந்தத் தளத்துக்குக் கான்கிரீட் போடுகிறார்கள்.

சைட் இன்ஜினியர் காதருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மிக்ஸர் சத்தத்தில் கேட்டிருக்காது.

அப்படியென்றால் மிக்ஸர் ஓடுகிறது.

டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினாள்.

பாதி வழியில் முதலாளி ராஜாமணி சார் கூப்பிட்டார். வண்டியை ஓரம் கட்டி, எல்லாவற்றையும் சொன்னாள்.

“படத்துல ஸ்கேல் வச்சு அளந்து பார்க்கக் கூடாதுன்னு கீழ நோட் போட்டிருக்கோம்ல? அது போதும். உன் தப்புன்னு யார்கிட்டயும் சொல்லாத. நான் பேசிக்கிறேன்.”

அந்த நோட்டும் சேர்ந்துதான் சுருங்கியிருந்தது. அவளாலேயே அதைப் படிக்க முடியாது.

சைட்டில் மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றினார்கள். சாரப் பலகையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

பின் மூலையில் கான்கிரீட் விழுந்திருந்தது. பால்கனிப் பக்கம் கம்பி இன்னும் வெளியே தெரிந்தது.

குனிந்து டேப்பை வைத்தாள்.

மூன்றடி.

அடுத்ததும் மூன்றடி.

“நிறுத்துங்க!”

யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினாள். காதர் ஓடிவந்தார்.

“என்னாச்சு ஜெபக்கனி?”

“கம்பி பாதிதான் உள்ள போயிருக்கு சார். இப்படியே போட்டா பால்கனி ஒடிஞ்சு விழுந்துரும். பிரிண்ட்ல நான் பண்ணுன தப்பு.”

சொல்லிவிட்டாள்.

மிக்ஸர் நின்றது. கொத்தனார் கரண்டியைத் தூக்கிப் போட்டார். காதர் திட்டவில்லை. டேப்பை வாங்கி அவரே ஒருமுறை அளந்தார். பிறகு புதுக் கம்பி வெட்ட ஆளை அனுப்பினார்.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்க. மத்தியானத்துக்குள்ள மாத்திரலாம்.”

கீழே இறங்கி, செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். சட்டி தூக்கும் பெண் ஒருத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கம்பி கட்டும் சுடலை பக்கத்தில் வந்து நின்றார். கையில் அந்தத் தாள் வியர்வையில் நைந்திருந்தது.

“மேடம், பேட்டையில ஒரு மாடி வீடு கட்டுனோம்லா. அதுக்கும் இதே மாதிரி சின்னத் தாள்தான் குடுத்தீங்க.”

அவள் நிமிர்ந்தாள்.

“அதுலயும் அந்த இடத்துல நம்பர் இல்ல. இப்படித்தான் அளந்து போட்டேன்.”

“அந்த வீடு…”

“தையில பால் காய்ச்சிட்டாங்க. குடும்பத்தோட இருக்காங்க.”

போன் அடித்தது. ராஜாமணி சார். அவள் எடுக்கவில்லை.

பேட்டைக்கு இருபது நிமிடம். அவளுக்கு அது முடியவே முடியாத தூரமாக இருந்தது.

பச்சைப் பெயிண்ட் அடித்த வீடு. மாடியில் பால்கனி. ஓரம் முழுக்க மண் தொட்டிகள். அவள் எண்ணவில்லை, நிறைய இருந்தன.

கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விரிசல் விட்டால் மேல் பக்கம்தான் விடும்.

கேட்டில் கை வைத்தபோது மேலே கதவு திறந்தது. ஒரு பெண் ஈரத் துணி வாளியோடு பால்கனிக்கு வந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“யாரும்மா வேணும்?”

“அக்கா, உள்ள போங்க! முதல்ல உள்ள போங்க!”

தெருவில் ஒரு லாரி கடந்து போனது.

அந்தப் பெண் சிரித்தாள். காதருகே கையைக் குவித்துக்கொண்டு, சரியாகக் கேட்பதற்காக, இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.