எட்டும் இருபத்தாறும்

“நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதுக்கு நடுவுல மூணாவது ஆள் எதுக்கு சார்?”

மேனேஜரிடம் இதைச் சொன்னது ஆர்டர் அக்காவா, கிடங்கு அண்ணனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருவருமே சொல்லியிருக்கக்கூடும். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அது ஷூ விற்கும் கம்பெனி. ஆர்டர்களைப் பதிவு செய்யும் புரோகிராம் அக்காவுடையது. கிடங்கிலிருந்து பெட்டியை அனுப்பும் புரோகிராம் அண்ணனுடையது. அக்கா ‘எட்டாம் நம்பர்’ என்னும் ஷூ அளவை அண்ணன் ‘இருபத்தாறு சென்டிமீட்டர்’ என்பார். யார் மாற்றிக்கொள்வது என்று மூண்ட சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம். அவர் மொழியை இவருக்கும் இவர் மொழியை அவருக்கும் மாற்றிக் கொடுத்தது மூன்றாவதாக ஒரு புரோகிராம். அதை எழுதியவரை ஆபீசே ‘நடுவர்’ என்றது.

“ஒரு வாரம் நேரடியா இணைச்சுப் பாருங்க. ஒழுங்கா ஓடினா நடுவரோட புரோகிராமை நிறுத்திடலாம். நடுவரே, அப்புறம் நீங்க கீழ் மாடியில புகார் போன் எடுக்கணும். சம்மதமா?” என்றார் மேனேஜர்.

நடுவர் இரண்டு வருடம் பிள்ளை போல வளர்த்த புரோகிராம் அது.

“சம்மதம் சார்.”

புதன்கிழமை அக்கா நடுவருடைய மேஜைக்கு வந்து கிசுகிசுத்தார்.

“நான் ஒரு வரிகூட மாத்தலை. எட்டுன்னுதான் அனுப்பறேன், புரிஞ்சுக்கறாரு! மனுஷன் எனக்காக இறங்கி வந்திருக்காரு. சொல்லிக் காட்டினா கூசிப் போவாரு. நீங்களும் மூச்சு விடாதீங்க.”

“விட மாட்டேன்க்கா.”

பத்து நிமிடத்தில் அண்ணன்.

“அந்தம்மா பிடிவாதத்தை விட்டுட்டாங்க நடுவரே! எல்லாம் சென்டிமீட்டர்லயே வருது. நான் கேட்டுக்கலை. பாவம், தர்மசங்கடமாயிடும்.”

“ஆமாண்ணே, கேக்காதீங்க.”

வெள்ளிக்கிழமை வரை ஒரு ஜோடிகூட மாறிப் போகவில்லை. மாலையில் மேனேஜர் நடுவரை அறைக்குள் அழைத்தார். கண்ணாடிக்கு அப்பால் காபி மெஷின் பக்கத்தில் அக்கா ஏதோ சொல்ல, அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கீரியும் பாம்புமா இருந்ததுங்க, பாத்தீங்களா? நேரடின்னா நேரடிதான்யா! உங்க புரோகிராமை இப்பவே நிறுத்திடுவோமா?”

நடுவர் கதவைச் சாத்தினார். பிறகு மெல்லச் சொன்னார்.

“நிறுத்தலாம் சார். அந்தச் சிரிப்பும் நின்னுடும்.”

“ஏன்?”

“அடுத்தவரோட இணைப்பு முகவரியை நேர்ல போய்க் கேக்க ரெண்டு பேருக்கும் கௌரவம் இடம் கொடுக்கலை. தனித்தனியா என்கிட்டதான் வந்து கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் என் புரோகிராமுக்கே புதுசா ஒரு முகவரி போட்டுக் கொடுத்தேன்; இன்னும் நடுவுல மாத்திக் கொடுக்கறது அதுதான்.”

அக்காவும் அண்ணனும் இன்றும் சேர்ந்துதான் காபி குடிக்கிறார்கள்; நடுவர் கீழ் மாடிக்குப் போகவில்லை; அவருடைய புரோகிராமுக்கு மட்டும் மேனேஜர் ‘நேரடி இணைப்பு’ என்று புதுப் பெயர் வைத்துவிட்டார்.