கண்ணாடியில் ஓடும் வரி

சலூன் நாற்காலியில், முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருக்கிறார் டிவிக்குச் செய்தி எழுதுகிறவர். நாளை ஓட்டுப்பதிவு. பின்சுவரில் ஓடும் டிவி, எதிரே அங்கங்கே ரசம் போன கண்ணாடியில் தெரிகிறது. இரண்டு வேட்பாளர்கள் சத்தமில்லாமல் வாயசைக்கிறார்கள். இடப்பக்கம் இருப்பவர் கட்டியதாகச் சொல்லும் ஆஸ்பத்திரி அவர் சொன்ன இடத்தில் இல்லவே இல்லை என்று, நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் காலையில் இவர் எழுதிய வரி, அவர்களுக்குக் கீழே இடம்வலம் மாறி ஓடுகிறது. மின்விசிறிக் காற்றில் தரையில் வெட்டிய முடி நகர்கிறது.

“இடது பக்கம் இருக்காரே, அவருக்குத்தாண்ணே என் ஓட்டு. என்னமா பேசுறாரு,” என்கிறார் சலூன்காரர், கத்தியைத் துடைத்தபடி.

“சத்தமே இல்லையேப்பா.”

“சத்தம் வச்சா கோவம் வந்துருதுண்ணே. கையில கத்தி இருக்குல்ல.”

“கீழ எழுத்து ஓடுதே.”

“நிக்கிற எடத்துலேர்ந்து எனக்குக் கண்ணாடிதான் டிவி. இத்தனை வருஷமா ஒரு எழுத்து படிச்சதில்ல. மூஞ்சியப் பாத்தா தெரியாதா?” கத்தி தொண்டைக்கு வருகிறது. “அசையாதீங்க. ஆமா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

அவர் அசையாமல் இருக்கிறார். கண்ணாடியில் அந்த வரி மறுபடி முதலிலிருந்து வருகிறது.